வாசிக்காமல் விட்ட ஏழு பக்கம்

எனக்குக் கோபம் ஜாஸ்தி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. வகுப்பில் சாக்பீஸை விட்டெறிந்திருக்கிறேன். மீதிச் சில்லறை தராத கண்டக்டரோடு கீழ்பென்னாத்தூர் வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். "உன்னைக் கட்டிக்கப் போறவன் எந்த ஊர்ல தவம் கெடக்கிறானோ" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம், ஒரே ஒரு சாயங்காலம் இளகிப் போனேன். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு கெடுதல் ஆகியிருக்காது.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் டியூட்டராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயது இருபத்துநாலு. பேகோபுரத் தெருவில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அம்மாவும் நானும். ஒருநாள் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். ஹிஸ்டரி மூன்றாம் வருடத்தில் கண் தெரியாத மாணவர் ஒருத்தர் இருக்கிறாராம். ஹிஸ்டரியில் கெட்டிக்காரர். ஆனால் முதல் வருட இங்கிலீஷ் பேப்பர் இரண்டு தடவை போய்விட்டது. புத்தகத்தை வாசித்துக் காட்ட ஆளில்லை, அதுதான் காரணம். தினமும் கல்லூரி விட்டதும் நான் ஒன்றரை மணி நேரம் வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். "உங்களுக்குத்தான் குடும்பம் குட்டின்னு ஒண்ணும் இல்லையேம்மா" என்று வேறு சேர்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று ஏறியது. வேலை நிரந்தரமாகவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன்.

அவருக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். ஐந்து வயதில் அம்மை போட்டுக் கண் போனது. பத்து வயதுக்கு மேல்தான் யாரோ சொல்லி, வெளியூரில் பார்வையில்லாதவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளியில் சேர்த்தார்கள். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம், மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டை போடுகிற குடும்பம். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கைத்தடி வைத்துக்கொள்ள மாட்டார். வெயிலோ மழையோ, மடக்கின குடை ஒன்றுதான். அதைத் தரையில் தட்டிக்கொண்டு வருவார். தடி வைத்திருந்தால் ஒதுங்கிப் போவார்களாம், குடை வைத்திருந்தால் யாராவது மணி என்ன என்று கேட்பார்களாம்.

முதல் நாளே தன் நிலைமையைச் சொல்லிவிட்டார். அவர் படித்த பள்ளியில் ஹிஸ்டரி வாத்தியார் அடுத்த ஜூனில் ரிடையர் ஆகிறார். டிகிரியோடு வந்தால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று வார்டன் சொல்லியிருக்கிறார். மற்ற பேப்பரெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்த இங்கிலீஷ் ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அண்ணனோ, இந்தத் தடவையும் போனால் படிப்பு போதும், வீட்டோடு வந்து கிட என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். வரும் ஏப்ரல் பரீட்சை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

லைப்ரரிக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையில் உட்கார்ந்தோம். கல்யாணமாகாத டியூட்டர், வயதுக்கு வந்த ஆண்பிள்ளை, ஊர் வாயை மூட முடியுமா? அதனால் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், வாசலில் அட்டெண்டர் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. அந்த மனிதர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். நான் வாசிப்பேன். அவர் தகட்டுச் சட்டத்தில் கெட்டிக் காகிதத்தைச் செருகி, சின்ன ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே வருவார். வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிப்பார்.

வாசித்துக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதவில்லை. அவருக்குப் பதிலாகப் பரீட்சை எழுதப் போகிறவர் கீழ்வகுப்பு படிக்கிறவராகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அட்டெண்டரின் மகள், ஒன்பதாம் வகுப்பு, அவளைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை எதுவும் எழுத வராது. இவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னால்தான் எழுதுவாள். பிரெயில் என்கிற அந்தப் புள்ளி எழுத்தில் பல வார்த்தைகளுக்குச் சுருக்கக் குறி உண்டு, ஒரு முழு வார்த்தைக்கு ஒரே குறி போட்டுவிடுவார்கள். அதனால் இவருக்கு வார்த்தை தெரியும், அர்த்தம் தெரியும், எழுத்துக் கூட்டத்தான் தெரியாது. ஆக, எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வது போல ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தேன்.

என் பொறுமை எத்தனை நாளைக்கு வரும்? இரண்டாவது வாரமே கத்த ஆரம்பித்துவிட்டேன். நேற்றுச் சொன்ன வார்த்தையை இன்றைக்குத் தப்பாகச் சொன்னால் பெஞ்சில் ஓங்கித் தட்டுவேன். மண்டையில ஏறவே ஏறாதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏறுது மேடம், ராத்திரியில எறங்கிடுது" என்றார் நிதானமாக. அட்டெண்டர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் எனக்கு வெட்கமாகிவிட்டது. கண் தெரியாத மனுஷனை இப்படித் திட்டுகிறோமே என்று மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"எல்லாரும் எங்கிட்ட ஆஸ்பத்திரியில கெடக்கிறவன்கிட்ட பேசற மாதிரி பேசுவாங்க மேடம். நீங்க ஒருத்தர்தான் திட்றீங்க. நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. நன்றாகவே திட்டினேன். ஐப்பசி முடிவதற்குள் ஒரு பத்தியை முழுதாகச் சொல்லி, ஒவ்வொரு வார்த்தையையும் எழுத்துக் கூட்டிக் காட்டும் அளவுக்கு வந்துவிட்டார். சில நாள் சனிக்கிழமை அந்தப் பெண்ணையும் உட்கார வைத்துப் பழக்கினோம். அவர் வேகமாகச் சொல்வார், அவள் "அண்ணா, இருங்கண்ணா" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். இந்தத் தடவை பாஸ்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்த மாதச் சம்பளத்தைவிட அதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வருடக் கார்த்திகை தீபத்துக்குக் கல்லூரி லீவு. ஊர் முழுக்க ஜனம். லீவு முடிந்து வந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். தீபத்தன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓரமாக அண்ணனுக்காகக் காத்து நின்றிருக்கிறார். யாரோ ஒரு அம்மாள் அவர் உள்ளங்கையில் எட்டணாவை வைத்து மூடிவிட்டு, அண்ணாமலையாரே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். குடையைப் பிடித்திருந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எட்டணாவே மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் புரோஸ் புத்தகத்தில் ஒன்பதாவது பாடம் வந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதின கட்டுரை. சர்ச் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு குருட்டுப் பிச்சைக்காரனைப் பற்றி ஏழு பக்கம். அவனுடைய அழுக்கு, அவன் நீட்டும் கை, கண்ணில்லாதவன் வாழ்வதும் சாவதும் ஒன்றுதான் என்று ஒரு வரி, கடைசியில் தனக்கு இரண்டு கண் கொடுத்த கடவுளுக்கு நன்றி. காலையில் அதே பாடத்தைப் பி.ஏ. முதல் வருடத்துக்கு நான்தான் நடத்தினேன். அறுபது பேருக்கு நோட்ஸ் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் அவர் எதிரே அந்தப் புத்தகத்தைப் பிரித்தபோது தலைப்பிலேயே நின்றேன். எப்படி வாசிப்பேன்? அந்த வரியை இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வேன்? ஏழு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். "இன்னா மேடம், கட்டா திருப்பிட்டீங்க?" என்றார். காகிதச் சத்தம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்பதாவது பாடத்தை இந்த வருடம் சிலபஸில் எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். அப்பாடா, ஒரு பாடம் மிச்சம் என்று அவர் சந்தோஷப்பட்டார். எப்படியும் கட்டுரைக் கேள்விக்குச் சாய்ஸ் இருக்கும், வேறு எட்டுப் பாடம் கரைத்துக் குடித்திருக்கிறார், போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு பெரிய புண்ணியம் பண்ணின நிம்மதியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனேன், மூதேவி.

ஏப்ரல் வந்தது. பரீட்சை அன்று அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு தனி அறை. எனக்கு மாடியில் வேறு ஹாலில் சூப்பர்விஷன். கேள்வித்தாளைக் கொடுத்து முடித்துவிட்டு மிச்சமிருந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். கட்டுரைக் கேள்வி, இருபது மார்க். சர்ச் வாசலில் இருந்த குருடனைப் பற்றி எழுது. அல்லது அந்தக் குருடனையும் நான்காம் பாடத்தில் வரும் மாலுமியையும் ஒப்பிட்டு எழுது. இரண்டுக்கும் ஒன்பதாவது பாடம் வேண்டும். மூன்று மணி நேரமும் அந்த ஹாலில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தேன். கீழே ஓடிப்போய் அவர் காதில் நாலு வரி சொல்லிவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. காப்பியடிக்கிற பையனைப் பிடிப்பதற்காக நிறுத்தி வைக்கப்பட்டவள் நான்.

மணியடித்ததும் ஓடினேன். அறை காலியாக இருந்தது. அந்தப் பெண் மட்டும் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள், விரலெல்லாம் மசி. கேள்வியை வாசித்ததும் அண்ணன் மறுபடி வாசி என்றார் என்றாள். வாசித்தாளாம். நம் புத்தகத்தில்தான் கேட்டிருக்கிறார்களா, பார்த்துச் சொல் என்றாராம். ஆமாம் என்று சொன்னாளாம். பிறகு எழுதிக்கோ என்று ஆரம்பித்தாராம்.

"அவரைப் பத்தியே சொன்னாரு மேடம். அம்மை போட்டது, அவங்க அம்மா வேப்பிலையில படுக்க வச்சது, குடை, பஸ் ஸ்டாண்டுல எட்டணா, எல்லாம். ஒரு எழுத்துகூடத் தப்பில்லாம சொன்னாரு. மூணு பக்கம் எழுதினேன்."

அவள் பெருமையோடுதான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்? பாடத்தில் இருக்கும் குருடனைக் கேட்டால் கொல்லைக்காட்டுக் குருடனைப் பற்றி எழுதினவருக்கு எந்த ஊர் எக்ஸாமினர் மார்க் போடுவான்? நானாக இருந்தாலும் சிவப்பு மசியில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த பேப்பரை எடுத்திருப்பேன்.

பஸ் ஸ்டாண்டில் இருந்தார். மல்லாட்டை மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் செருப்புச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். அந்த நேரத்திலும் எழுந்து நின்றார். ஒன்பதாவது பாடம் சிலபஸில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலாக மாறியிருந்தது எனக்கே கேட்டது.

அவர் புத்தகம் கையில் இருக்கிறதா என்றார். பையில் இருந்தது. வாசிக்கச் சொன்னார்.

அவலூர்பேட்டை, சேத்துப்பட்டு என்று கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நடுவெயிலில் நின்றுகொண்டே ஏழு பக்கத்தையும் வாசித்தேன். வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்வதும் சாவதும் ஒன்றுதான் என்ற வரியில் புத்தகத்தை மூடப் போனேன். நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். முடித்தேன். அவருடைய கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்று, இஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தது.

"இவ்ளோதானா மேடம்? இது நான் தெனமும் டீக்கடையில கேக்கறதுதான். இதுல இங்கிலீஷ்ல இருக்குது." குடையால் படியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க ஒருத்தர் என்னை அப்படிப் பாக்கலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

ஏறிப் போய்விட்டார். நான் வெள்ளரிப் பிஞ்சுக்காரிக்கு எதிரே நின்று அழுதேன். எனக்கு அழ உரிமை கிடையாது என்று தெரிந்தும் அழுதேன்.

ரிசல்ட் வந்தது. மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ், ஹிஸ்டரியில் கல்லூரியிலேயே முதல். இங்கிலீஷில் ஏழு மார்க் கம்மி. வார்டனுக்கு நான் ஒரு நீளமான கடிதம் எழுதினேன், தப்பு என்னுடையது, செப்டம்பர் வரை பொறுக்க முடியுமா என்று. பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஆள் போட்டாயிற்று என்று ஒரு கார்டு வந்தது. செப்டம்பர் பரீட்சைக்காவது எழுத வாருங்கள் என்று அவருக்கு இரண்டு முறை எழுதினேன். வீட்டில் யாராவது வாசித்துக் காட்டினார்களோ இல்லையோ, பதில் வரவில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானே அந்த ஊருக்குப் போனேன். விதைப்புக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே அவர் ஒருத்தர்தான் ஆண்பிள்ளை. புள்ளி எழுத்துப் படித்த அதே விரல்கள் எல்லாரையும்விட வேகமாகத் தோலை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பருப்புகூட நசுங்கவில்லை. அண்ணன் காரமாகத்தான் பேசினார். இன்னாத்துக்கு மேடம் இனிமே, வயசாச்சு, இருக்கிற வேலையைப் பாக்கட்டும் என்றார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் மரியாதையாகத்தான் இருந்தார். அம்மா சுகமா என்று கேட்டார். பரீட்சையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"வேணாம் மேடம். இந்த வேலையில யாரும் எனக்குப் படிச்சுக் காட்ட வேணாம்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஏதாவது வழி பிறந்திருக்கும். கோபத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. இதோடு என்ன செய்வது என்று தெரியவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஆறேழு வருடம் போயிருக்கும். வேலை நிரந்தரமாயிற்று. இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்கால் பக்கம் அப்போது முக்கால்வாசி கொல்லைதான், அங்கே கம்மி வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். கல்லூரியில் கண் தெரியாத பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்தான், பதினெட்டு வயது. யாரும் சொல்லாமலே நானே போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு எல்லாவற்றையும் வாசித்தேன். பாடம், அடிக்குறிப்பு, பக்க எண், அட்டையில் போட்டிருக்கும் அச்சகத்தின் பெயர் வரை. "மேடம், இது பரீட்சைக்கு வராது மேடம்" என்று கெஞ்சுவான். வாயை மூடிக்கொண்டு கேள் என்பேன்.

அந்த நாட்களில்தான் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தபால்தலை கிடையாது, பார்வையில்லாதவர்கள் தபாலுக்குத் தேவையில்லையாம். ஒரே ஒரு கெட்டிக் காகிதம், முழுக்கப் புள்ளி. என்ன மேடம், உப்புத்தாள் வந்திருக்கு என்று தபால்காரர் கேலி செய்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவளுக்கு ஒரு எழுத்து வாசிக்கத் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பையனிடம் கொடுத்தேன்.

அவன் விரலை வைத்து இங்கிலீஷில் வாசித்தான். அம்மா தவறிவிட்டார்கள். ரேடியோவில் தினமும் இங்கிலீஷ் செய்தி கேட்கிறேன், புது வார்த்தை வந்தால் எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன், சரியா தப்பா என்று சொல்லத்தான் ஆளில்லை. இந்த வருடம் மழை கம்மி, மல்லாட்டை போனது. இப்படி முக்கால் பக்கம். அங்கே அவன் குரல் நின்றது. விரல் நிற்கவில்லை. மிச்சமிருந்த வரிகளின் மேல் கடைசி வரைக்கும் போயிற்று. ஆரம்பத்துக்கு வந்து, இன்னொரு தடவை மெதுவாகப் போயிற்று. பிறகு காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் நீட்டினான்.

"அவ்ளோதான் மேடம்."

கீழே இன்னும் நாலைந்து வரி இருப்பது என் கண்ணுக்குத் தெரிகிறதே என்றேன். அது ஒன்றுமில்லை, சும்மா ஏதோ எழுதியிருக்கிறார் என்றான். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. பெஞ்சில் தட்டினேன், கத்தினேன், படிக்கப் போகிறாயா இல்லையா என்று அவன் நோட்டைத் தூக்கித் தரையில் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்களுக்கு வேணாம் மேடம்" என்றான், ரொம்ப மெதுவாக.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கீழே குனிந்து அவன் நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவனிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வேறு யாரிடமாவது கொடுத்து வாசித்திருக்கலாம். நானே கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு அட்டை வாங்கிப் பத்துப் பன்னிரண்டு எழுத்து வரை தடவித் தெரிந்துகொண்டேன், அதோடு விட்டுவிட்டேன். அந்தக் காகிதம் பழைய புரோஸ் புத்தகத்தில், ஒன்பதாவது பாடத்துக்குள்தான் இருக்கிறது. புத்தகம் அழுத்தி அழுத்திப் புள்ளியெல்லாம் மழுங்கிவிட்டது, இனிமேல் எந்த விரலுக்கும் தெரியாது. என்ன எழுதியிருந்தீர்கள் என்று அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பஸ்தான். போகவில்லை.